முடி சூடாத குத்துச்சண்டை வீரர்

நாட்டு வரலாற்றை அரசர்தம் பெயர் நிரலாகக் கற்ற காலம் ஒன்றிருந்தது. இன்னார்க்குப்பின் இன்னார் அரியணை ஏறினார், இத்துணை ஆண்டு ஆண்டார் என்பதை நெட்டுருச் செய்தால் வரலாறு கற்றதாக எண்ணினோம். அம்முறை பள்ளிகளில் மெல்ல மறைந்துவிட்டது; விளையாட்டு வரலாற்றிலோ இன்னும் மறைந்தபாடில்லை. குத்துச்சண்டை பற்றிய நூல் எதனைத் திறப்பினும் முதலிற் கண்ணிற்படுவது உலக வீரப்பட்டம் பெற்றோரின் பெயர்ப்பட்டியலேயாம். ஹெவிவெயிட் என்னும் பெரும்பாரப் பிரிவில் சலிவன், கோபெற், பிற்சிமன்ஸ், ஜெவ்ரீஸ் எனத் தொடங்கி அது சங்கிலிபோல் நீளும். அச்சங்கிலியிற் கோக்கப்படாத வீரர் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் வலிகுன்றியமையாற் கோக்கப்படாதவர் அல்லர்.

இதனை விளங்கிக்கொள்ளுதற்குப் பட்டம் கைமாறும் முறையை முதலில் அறிதல் வேண்டும். ஓட்டப் பந்தயத்திலே நூறு யார் தூரத்தை எவன் விரைவில் ஓடினானோ அவனே வெற்றியாளன். கடிகாரம் ஆளறிந்து நடப்பதில்லை. குத்துச்சண்டையிற் பட்டத்தை உடையவனே அதனைக் காப்பவனும் ஆவான். அவன் இசைந்தாலன்றி எவனும் அவனோடு பட்டத்துக்காகப் பொருத முடியாது. அவன் இசைவுக்கு அவனுடைய முகாமையாளர் இசைய வேண்டும். சண்டையை ஒழுங்குசெய்யும் வணிகர் பணமிட வேண்டும். நகராட்சியும் மாநில அரசும் உரிமம் வழங்க வேண்டும். இத்தனை கதவுகளுள் ஒன்று அடைபட்டாலும் வெளியே நிற்பவன் வெளியே நிற்க வேண்டியவனே. ஆகவே பட்டம் என்பது ஒருவகையில் உடைமைப் பொருள் போன்றது. மிக வல்லவன் எவன் என்ற வினாவுக்கு அதுவே எப்போதும் விடையாகிவிடாது.

கையுறை அணிந்து, மூன்று நிமிடச் சுற்றுகளாகப் பொரும் இக்கால முறைக்கு அடிகோலிய குவீன்ஸ்பெரி விதிகள் 1867இல் வெளியாயின. அவ்விதிகள் பரவிய காலத்தில் அமெரிக்காவிற் பெரும் புகழோடு விளங்கியவர் ஜோன் எல். சலிவன். அவர் வாழ்ந்த நாளிலேயே அவருக்கு நிகராகப் பேசப்பட்டவர் பீற்றர் ஜாக்சன் என்னும் கறுப்பினத்தவர். ஜாக்சன் அன்று டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவாகிய சென் குரோயிற் பிறந்தவர். இளமையிற் கப்பலேறி அவுஸ்திரேலியாவை அடைந்து, சிட்னி நகரிலே லரி போலி என்னும் ஆசானிடம் இக்கலையைப் பயின்றார். 1886இல் டொம் லீஸ் என்பவரை முப்பது சுற்றுகளில் வென்று அவுஸ்திரேலிய வீரரானார். 1888இல் அமெரிக்கா சென்று சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கொட்பிறேயை வீழ்த்திக் கறுப்பினத்தவர்க்கெனத் தனியே வகுக்கப்பட்டிருந்த உலகப் பட்டத்தையும் பெற்றார். அத்தகைய தனிப்பட்டம் ஒன்றிருந்தமையே அக்காலத்து நிலையை உணர்த்தப் போதியதாகும்.

சலிவன் அவரோடு பொரவில்லை. 1892இல் உலக வீரர் யாவரையும் அறைகூவி அவர் வெளியிட்ட அறிக்கையிற் கறுப்பர்க்கு இடமில்லை என்பதை ஒளிவின்றியே சொல்லிவிட்டார். "நிறக்கோடு வரைதல்" என்பது அமெரிக்கர் இவ்வழக்கத்துக்கு இட்ட பெயர். கோட்டின் இப்பால் நிற்பவன் எவ்வளவு வல்லவனாயினும் அப்பால் நிற்பவன் கைகட்டி நிற்கலாம். அவன் அஞ்சினானென எவரும் சொல்லார். அச்சத்துக்கு இதனினும் வசதியான திரை வேறு உண்டோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆயினும் சலிவனை வெல்லவிருந்த ஜேம்ஸ் கோபெற் ஜாக்சனோடு மேடையேறினார் என்பது மறுக்கவொண்ணாத செய்தி. 1891ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலே கலிபோர்னியா அத்லெற்றிக் கழகத்தில் அச்சண்டை நிகழ்ந்தது. அறுபத்தொரு சுற்றுகள், ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருவரும் பொருதனர். ஈற்றில் இருவருக்கும் கை தூக்கவும் வலியில்லை. மத்தியஸ்தர் சண்டையை நிறுத்தினார். அவர் அளித்த தீர்ப்பு வெற்றியுமன்று, சமநிலையுமன்று; போட்டியே நிகழவில்லை என்பதாம். நான்கு மணி நேரம் ஆயிரக்கணக்கான குத்துகள் பரிமாறப்பட்ட ஒன்று ஏட்டிலே நிகழாததாகப் பதியப்பட்டது. ஏட்டையே சான்றாகக் கொள்வோர் இவ்வொரு பதிவை நினைவிற் கொள்வது நன்று.

அடுத்த ஆண்டு மே மாதம் இலண்டன் தேசிய விளையாட்டுக் கழகத்திலே பிராங் சிலாவின் என்னும் வலிய வெள்ளையரை ஜாக்சன் பத்தாஞ் சுற்றில் வென்றார். எதிரி தள்ளாடி நின்றபோது அவரை மேலும் தாக்க மனமின்றி மத்தியஸ்தரை நோக்கித் தயங்கி நின்றார் என்றும், தொடருமாறு பணித்த பின்னரே முடித்தார் என்றும் கண்டோர் எழுதினர். செப்டெம்பர் 7ஆம் நாள் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் கோபெற் சலிவனை வீழ்த்தி உலக வீரரானார். அதற்கு முதல்நாள் அதே கழகத்தில் நடந்தது பலர் அறியாத செய்தி. ஜோர்ஜ் டிக்சன் என்னும் சிற்றுருவக் கறுப்பர் ஜாக் ஸ்கெலி என்னும் வெள்ளை இளைஞரை எட்டுச் சுற்றுகளில் வீழ்த்தித் தம் பட்டத்தைக் காத்துக்கொண்டார். அதனைக் கண்ட நகரத்தார் கொதித்தனர். இரு நிறத்தாரையும் ஒரே மேடையிற் பொரவிடுவது தவறு எனப் பத்திரிகை எழுதிற்று. அக்கழகம் அத்தகைய சண்டைகளை நிறுத்திவிட்டது.

டிக்சன் பட்டம் பெற்றவர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்குப்பின் வெல்ட்டர்வெயிட் பிரிவில் பார்படோஸ் தீவினரான ஜோ வால்கொட் 1901இலும், லைட்வெயிட் பிரிவில் ஜோ கான்ஸ் 1902இலும் பட்டம் பெற்றனர். இருவரும் கறுப்பரே. ஆகவே நிறக்கோடு எல்லாப் பிரிவிலும் ஒரே தன்மைத்தாய் வரையப்படவில்லை. பெரும்பாரப் பிரிவிலேதான் அது மதில்போல் உயர்ந்து நின்றது. அப்பிரிவின் வீரனே உலகின் ஆண்மைக்கு அடையாளம் எனக் கருதப்பட்டான். அவ்வடையாளம் தம் இனத்தார் கையை விட்டுப் போவதை ஆள்வோர் சகித்திலர்.

பட்டம் பெற்ற கோபெற் ஜாக்சனோடு மீண்டும் பொருவது பற்றிப் பேச்சு நடத்தினார். தென்மாநிலத்தில் வேண்டுமாயின் வா என்றார் அவர். அங்கே தமக்கு நீதி கிடையாதென்பதை ஜாக்சன் அறிவார். பேச்சு முறிந்தது. காத்திருந்த காலத்தில் உலகின் தலைசிறந்த வீரருள் ஒருவர் நாடக மேடையேறி, அங்கிள் டொம் என்னும் அடிமையாக நடித்துப் பிழைப்பு நடத்தினார். 1898இல், உடல் தளர்ந்து நோய்ப்பட்டிருந்த நிலையில், இளைஞரான ஜெவ்ரீஸ் அவரை மூன்றாஞ் சுற்றில் வென்றார். 1901ஆம் ஆண்டு யூலை மாதம் குவீன்ஸ்லாந்திலுள்ள ரோமா என்னும் சிற்றூரிற் காசநோயால் ஜாக்சன் இறந்தார். பிறிஸ்பேன் நகர்த் தூவொங் இடுகாட்டில் அவர் கல்லறை உள்ளது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தின் முடிவிலே வீழ்ந்துகிடக்கும் புரூட்டசைக் குறித்து அந்தோனி கூறும் சொற்களே அதன்மேற் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நாடகத்தைப் பாடமாகக் கற்றோர் அவ்வடியை எளிதில் நினைவுகூர்வர். ஜாக்சனே தாம் கண்ட வீரருள் தலையாயவர் எனக் கோபெற் பிற்காலத்தில் எழுதினார். பட்டம் தம் கையிலிருந்த நாளில் அவர் அதனைச் செயலிற் காட்டியிருக்கலாம்.

இனி, முடிசூடா வீரர் யாவரிலும் பெரியவரெனப் பலர் கருதும் சாம் லாங்போர்டைக் காண்போம். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்து வேமத் போல்ஸ் என்னும் சிற்றூரில் 1880களிற் பிறந்தவர் இவர். சிறுவனாக வீட்டைவிட்டு வெளியேறிப் பொஸ்டன் நகரையடைந்தார். அங்கு மருந்துக்கடை வைத்திருந்த ஜோ வூட்மன் என்பவர் பசியோடு வந்த இவருக்கு வேலை கொடுத்துப் பின் முகாமையாளரும் ஆனார். லாங்போர்டின் உயரம் ஐந்தடி ஏழங்குலத்துக்கு மேற்படாது. நீண்ட கைகளும் அகன்ற தோள்களுமே அவருக்கு வாய்த்த செல்வம். 1903ஆம் ஆண்டு டிசெம்பரில், வயது இருபதளவிலேயே, உலகப் பட்டம் உடைய ஜோ கான்சைப் பதினைந்து சுற்றுகளிற் புள்ளிகளால் வென்றார். எனினும் அச்சண்டை பட்டத்துக்கானதன்று. லாங்போர்டின் உடற்பாரம் அப்பிரிவின் எல்லையைக் கடந்திருந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் வால்கொட்டோடு பட்டத்துக்காகவே பொருதார். மத்தியஸ்தர் சமநிலை என்றார். லாங்போர்டே வென்றார் எனப் பார்த்தோர் பலர் கூறினர். சமநிலையாயின் பட்டம் உடையவனிடமே தங்கும் என்பது விதி. அவர் வாழ்நாளிற் பட்டத்தை அணுகிய அளவு அவ்வளவே.

1906ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆம் நாள் மசசூசெற்ஸ் மாநிலத்துச் செல்சி நகரிலே ஜாக் ஜோன்சனும் லாங்போர்டும் பதினைந்து சுற்றுகள் பொருதனர். ஜோன்சன் உயரத்தால் மிக்கவர். பாரத்தால் ஏறக்குறைய முப்பது றாத்தல் மிக்கவர். ஜோன்சனே வென்றார். பின்னர் நெடுங்காலமாக ஒரு கதை வழங்கிவந்தது. அச்சண்டையில் லாங்போர்ட் ஜோன்சனை வீழ்த்தினார், ஜோன்சன் அரும்பாடுபட்டே தப்பினார் என்பது அக்கதை. அதனைப் பரப்பியவர் முகாமையாளர் வூட்மன். அக்காலப் பத்திரிகைகளை ஆராய்ந்தோர் கண்டது வேறு. விழுந்தவர் லாங்போர்ட், ஜோன்சனின் வெற்றி ஐயத்துக்கு இடமற்றது. அநீதி இழைக்கப்பட்டவனுக்காக இரங்கும் நெஞ்சு பொய்க்கதையையும் எளிதில் நம்பிவிடுகிறது. லாங்போர்டின் பெருமைக்கு இக்கதை வேண்டுவதேயில்லை. ஆகையால் அதனை விலக்கிவிட்டே அவரை எடைபோட வேண்டும்.

1908ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் சிட்னியில் டொமி பேர்ன்சை வென்று ஜோன்சன் பெரும்பாரப் பிரிவின் முதற் கறுப்பின உலக வீரரானார். பொலிசார் இடைநிறுத்தவே பதினான்காஞ் சுற்றில் அது முடிந்தது. மதில் தகர்ந்தது, இனி லாங்போர்டுக்கும் வழி திறக்கும் என எண்ணினோர் பலர். அவ்வாறு நிகழவில்லை. ஜோன்சன் 1915 வரை பட்டத்தைக் கையில் வைத்திருந்தார். அவ்வாண்டுகளில் அவர் பட்டத்துக்காகப் பொருத கறுப்பர் ஒருவரே. 1913இல் பரிஸ் நகரில் எதிர்ப்பட்ட பற்லிங் ஜிம் ஜோன்சன். அதுவும் சமநிலையில் முடிந்தது. லாங்போர்ட், ஜோ ஜெனெற், சாம் மக்வி என்னும் மூவரையும் அவர் ஒதுக்கியே வைத்தார். லாங்போர்டை இலண்டனில் எதிர்ப்பதாகப் பட்டம் பெறுமுன் கொடுத்த வாக்கும் காற்றிற் போயிற்று.

இதனைக் கொண்டு ஜோன்சனைத் தூற்றுவோர் உளர். கோட்டைத் தாண்டியவன் தானே கோடு வரைந்தான் என்பது அவர் கூற்று. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் முழுவதும் ஒப்புதற்கில்லை. இரு கறுப்பர் பொருவதைக் காண வெள்ளையர் பணம் கொடுத்து வாரார் என்பதே ஜோன்சன் சொன்ன காரணம். 1910ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் ரீனோ நகரில் ஜெவ்ரீசை அவர் எதிர்த்தபோது குவிந்த பணம் அதற்குமுன் எவரும் காணாதது. தோற்பதற்கு இடமிருந்து வரும்படி குறைவாயுள்ள சண்டையை எவ்வணிகனும் விரும்பான். ஜோன்சன் வீரராயிருந்தது போலவே வணிகராயும் இருந்தார். அவருக்குமுன் பட்டம் பெற்ற வெள்ளையரும் அவ்வாறே இருந்தனர். அவர் கூறிய காரணம் வேறு, அவ்வளவே.

கதவு அடைபட்டதாற் கறுப்பின வீரர் தம்முள்ளேயே பன்முறை பொர நேர்ந்தது. ஜெனெற்றையும் மக்வியையும் லாங்போர்ட் பத்துத் தடவைக்கு மேல் எதிர்த்தார். ஹரி வில்ஸ் என்பவரோடு அவர் பொருத தடவைகள் இருபதை எட்டும் என்பர். அவர்தம் வயிறு வளர்த்தற்கு வேறு வழியில்லை. ஒரே மனிதனை இருபது தடவை எதிர்ப்பவனுக்கு மறைப்பதற்கு என்ன சூழ்ச்சி எஞ்சும்? அவ்விருவர் சண்டைகளே அக்காலத்து உண்மையான உலகப் போட்டிகள் எனச் சொல்வது மிகையாகாது. அவை நடந்ததோ சிறு நகர்களில், சிறு கூலிக்கு.

ஹரி வில்சின் வரலாறு இன்னொரு கதவைக் காட்டுகிறது. ரீனோச் சண்டையின் பின் அமெரிக்க நகர் பலவற்றிற் கலகம் மூண்டு உயிர்ச்சேதம் விளைந்தது. 1912இல் சண்டைத் திரைப்படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைக் காங்கிரசு தடைசெய்தது. 1915இல் ஹவானாவில் ஜோன்சனை வென்ற வில்லார்ட், கறுப்பரோடு பொரேன் என்றார். 1919இல் வில்லார்டை வென்ற ஜாக் டெம்சியும் முதலில் அவ்வாறே அறிவித்தார். வில்சோ நியூ ஓர்லியன்சிற் பிறந்த, உயரமும் வலியும் ஒருங்கே வாய்ந்தவர். 1920 முதல் டெம்சிக்கு உரிய எதிரி அவரேயென யாவரும் அறிந்திருந்தனர். 1922இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது, சண்டை நடக்கவில்லை. 1925இல் மீண்டும் எழுதினர். வில்சுக்கு முற்பணமாக 50,000 டொலர் கிடைத்தது. டெம்சிக்குச் சொன்ன பணம் வந்து சேராமையால் அவர் விலகினார். பொராத சண்டைக்கு அவ்வளவு பெருந்தொகை பெற்றவர் வில்சைப்போல் மிகச் சிலரே.

இதில் டெம்சியை மட்டும் குறைகூறல் நேரிதன்று. ரீனோச் சண்டையை நடத்திய டெக்ஸ் ரிக்கார்டே டெம்சியின் சண்டைகளையும் நடத்தினார். மீண்டும் ஒரு கறுப்பர் பட்டம் பெற்றால் தம் வணிகமே அழியுமென அவர் கருதினார். மறுபுறத்தில் நியூ யோர்க் மாநில ஆணைக்குழுவில் இருந்த ஜேம்ஸ் பார்லி, வில்சை எதிர்த்தாலன்றி டெம்சிக்கு உரிமமில்லை என உறுதியாக நின்றார். அதன் பயன் என்னை? 1926ஆம் ஆண்டு செப்டெம்பரில் டெம்சியும் ஜீன் டன்னியும் பொருத சண்டை நியூ யோர்க்கை விட்டுப் பிலடெல்பியாவுக்கு இடம் மாறிற்று. 120,000 பேர் மழையில் நனைந்தபடி கண்டனர். ஒரு மாநிலத்துக் கதவை நீதியின்பொருட்டு அடைத்தால் அடுத்த மாநிலத்துக் கதவு பணத்தின்பொருட்டுத் திறந்துவிடுகிறது. அடுத்த மாதமே, முப்பத்தேழு வயதான வில்ஸ் ஜாக் ஷார்க்கியிடம் தோற்றார். ஜோன்சன் வீழ்ந்த 1915 முதல் ஜோ லூயிஸ் முடிசூடிய 1937 வரை, இருபத்திரண்டு ஆண்டு, கறுப்பர் ஒருவருக்கேனும் அப்பட்டத்துக்குப் பொர வாய்ப்பு அளிக்கப்படவில்லை. வில்சை வறியவராக எண்ணி இரங்க வேண்டியதில்லை. ஹார்லமில் வீடுகள் வாங்கி வசதியோடு வாழ்ந்து 1958இல் இறந்தார்.

லூயிசுக்குப் பின் நிறக்கோடு அழிந்ததாயினும் வேறு கோடுகள் இருந்தன. பிற்ஸ்பேர்க் நகரத்துச் சார்லி பேர்லி 1944இல் ஆர்ச்சி மூரைப் பலமுறை வீழ்த்தி வென்றார். அதே மூர் 1952இல் உலக வீரரானார். தாம் எதிர்த்தோருள் தலைசிறந்தவர் பேர்லி என்றும் சொன்னார். பேர்லிக்கோ ஒருபோதும் பட்டச்சண்டை கிடைக்கவில்லை. நகரசபையிற் குப்பை அள்ளும் தொழில் செய்து வாழ்ந்தார். ஹங்கேரியரான லாஸ்லோ பாப் 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் தொடர்ந்து பொற்பதக்கம் பெற்றவர். தொழில்முறை வீரராக மாறி ஐரோப்பியப் பட்டமும் வென்றார். ஒரு சண்டையிலும் தோற்றிலர். உலகப் பட்டத்துக்கு ஓரடி இருக்கையில், 1965இல், பணத்துக்குப் பொருவது பொதுவுடைமைக்கு ஒவ்வாதென அவருடைய அரசே அனுமதியை மறுத்தது. தடுத்தவர் வேறு, தடுத்த காரணமும் வேறு. பட்டியலில் அவர் பெயரின்மை ஒன்றே.

லாங்போர்டை இடைவழியில் விட்டுவந்தோம். 1917இல் பிரெட் புல்ற்றனோடு பொருதபோது அவர் கண்ணிற் பட்ட அடியாற் பார்வை கெடலாயிற்று. வேறு தொழில் அறியாமையால் அவர் மேடையை விட்டிலர். எதிரியை உருவாகக் காணவியலாத நிலையில், நெருங்கி நின்று, தம் உடலில் எதிரியின் உடல் படும் உணர்வைக் கொண்டே குத்தினார். 1922ஆம் ஆண்டு யூன் மாதம் அற்லாண்டா நகரில் டைகர் பிளவர்ஸ் என்னும் இளைஞரை இரண்டாஞ் சுற்றில் அவ்வாறே வீழ்த்தினார். அந்தப் பிளவர்ஸ் 1926இல் ஹரி கிறெப்பை வென்று மிடில்வெயிட் பிரிவின் உலக வீரரானார். குருடரை ஒத்த முதியவர் ஒருவர் இரண்டே சுற்றுகளில் வீழ்த்திய அவ்விளைஞரின் பெயர் இன்று பட்டியலில் இருக்கிறது.

பின்னர் லாங்போர்ட் உலகின் கண்ணினின்றும் மறைந்தார். 1944இல் நியூ யோர்க் ஹெரல்ட் ட்றிபியூன் பத்திரிகையாளர் அல் லேனி அவரைத் தேடிப் புறப்பட்டபோது, அவர் இறந்திருப்பார் என்றே பலர் சொன்னார்களாம். ஹார்லமில் ஓர் இருண்ட அறையிலே, முற்றும் பார்வையிழந்து, கையிற் சில காசுகளோடு அவர் இருக்கக் கண்டார் லேனி. தம் நிலையைக் குறித்து அவர் முறையிடவில்லை. பழைய சண்டைகளைச் சொல்லிச் சிரித்தார். கட்டுரை வெளிவந்ததும் வாசகர் பணம் அனுப்பினர். அதனை நிதியாக வைத்து அவருக்குத் திங்கள்தோறும் ஒரு தொகை கிடைக்க வழிசெய்தனர். எவருக்கும் அஞ்சாதவர் எனப் பெயரெடுத்த டெம்சி, தாம் எதிர்க்கத் துணியாத ஒருவர் உண்டென்றும் அவர் சாம் லாங்போர்ட் என்றும் பிற்காலத்தில் எழுதினார். 1955இல் 'றிங்' இதழின் குத்துச்சண்டைப் புகழ்மன்றத்தில் லாங்போர்டின் பெயர் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு சனவரி 12ஆம் நாள் மசசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் காலமானார்.